யாரும் பார்க்காத ஏரி

பள்ளி வளாகத்துக்குள் வெளியாள் எவரும், உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல், மாணவர்களிடம் தகவல் திரட்டக் கூடாது. அனுமதி கேட்டு மனுச் செய்தால், மனு கிடைத்த ஒரு மாதத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். இரண்டும் நல்ல விதிகள். முதல் விதியை நான் கடைப்பிடித்தேன். இரண்டாவதைக் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வரும். இப்போது திண்டிவனத்தில், ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் ஜெர்மனியில் குடும்பத்தோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். மற்ற நாட்களில் என் வீட்டு வாசலில் கேட்கும் மனிதக் குரல் "சார், சிலிண்டர்" என்பதுதான். அதுவும் மாதத்துக்கு ஒரு முறைகூட இல்லை. தனி ஆளுக்கு ஒரு சிலிண்டர் நெடுநாள் வரும்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் மகள் பேசுவது உடம்பைப் பற்றி. மாத்திரை போட்டாச்சா, சுகர் பார்த்தாச்சா. பேத்தி பேசுவது வேறு. அவளுக்கு ஆறு வயது. சென்ற முறை இங்கே வந்திருந்தபோது நான்கு. பெருமுக்கல் மலைக்கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே ஒரு மிட்டாய் தின்றாள். காகிதத்தை எங்கே போடுவது என்று கேட்டாள். "கீழ போய்ப் பாத்துக்கலாம்" என்றேன். கீழே தொட்டி இல்லை. பஸ்ஸில் இல்லை. திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒன்று இருந்தது, அதற்கு அடிப்பாகம் இல்லை. அந்தக் காகிதத்தைக் கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டே வீடு வரை வந்து, என் சட்டைப் பையில் போட்டாள். அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பாசத்தால் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவுக்குத் தொட்டி இன்னும் வரவில்லை.

ஆறு வயதானதும் அவளுக்கு என்னோடு பேச விஷயம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் பாட்டுப் பாடிக் காட்டுவாள், பிறகு பல் விழுந்ததைக் காட்டினாள், பிறகு "ஹாய் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். என் தமிழில் பாதி அவளுக்குப் புரியாது. அவள் உலகத்தில் பாதி எனக்குத் தெரியாது. இன்னும் ஓராண்டில் இந்தக் குழந்தைக்கு நான் திரையில் தெரியும் ஒரு வழுக்கைத் தலையாக மட்டும் இருப்பேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தடுக்க என்ன செய்வது என்பதற்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை.

இந்த நிலையில்தான், ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தானாக வந்து திரை முன் உட்கார்ந்தாள்.

"தாத்தா, டீச்சர் மூணு கேள்வி குடுத்தாங்க. நீங்கதான் கேக்கணும்."

"யார்கிட்ட?"

"உங்க ஊர் குட்டிப் பசங்ககிட்ட. என் மாதிரி ஆறு வயசு. எல்லாரும் அவங்க தாத்தா பாட்டி ஊர்ல கேக்கறாங்க. நான் கிளாஸ்ல சொல்லணும்."

மூன்று கேள்விகள் இவை. உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? தண்ணீரில் குப்பை போட்டால் தப்பா? யாருமே பார்க்கவில்லை என்றாலும் தப்பா?

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"எங்க வீட்ல மூணு பேர். அம்மா, அப்பா, நான். தண்ணில குப்பை போட்டா பூமிக்குக் காய்ச்சல் வரும்."

"யாரும் பாக்கலன்னா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்குத் தெரியுமே, தாத்தா."

என் பணிக்காலம் முழுவதும் நான் அறிந்த நெறி வேறு. யாரும் பார்க்கவில்லை என்றால் அது நடக்கவில்லை. கோப்பில் ஏறினால்தான் நடந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றேன். இலையெல்லாம் உதிர்வதற்குள் வேண்டும் என்றாள். அவர்கள் ஊரில் அது ஒரு கெடு.

தெருவில் குழந்தைகள் இல்லாமல் இல்லை. ஆனால் தனியாக வசிக்கும் ஒரு கிழவன், தெருவில் போகிற குழந்தையை நிறுத்தி, "உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்" என்று கேட்டால், இந்தக் காலத்தில் அதற்குப் பெயர் வேறு. எனவே பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை உட்கார வைத்து டீ வரவழைத்தார்.

"எனக்கொன்னும் ஆட்சேபனை இல்லங்க சார். நல்ல விஷயந்தான். ஆனா மேலருந்து ஒரு ஆர்டர் வாங்கிக்கினு வந்துடுங்க. நாளைக்கு எவனாவது செல்லுல எடுத்துப் போட்டான்னா, எனக்குத்தான் பேஜாரு."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டீ வாங்கித் தந்திருக்க மாட்டேன்.

அன்று மாலையே மனு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறையாக இருந்தன. கேள்விகளை இணைப்பில் தந்தேன். "வினா ஒன்று: இல்லத்தில் வசிப்போர் விவரம். வினா இரண்டு: நீர்நிலைகளில் கழிவுகளை இடுதல் தவறெனக் கருதப்படுகிறதா? வினா மூன்று: மேற்படி செயல் எவராலும் கவனிக்கப்படாத நேர்வில்?" எழுதி முடித்துப் படித்தபோது பழைய நிறைவு வந்தது. நெடுநாளுக்குப் பிறகு ஒரு வேலை.

திங்கட்கிழமை விழுப்புரம் பஸ் ஏறினேன். நான் முன்பு உட்கார்ந்த நாற்காலியில் இப்போது ஒரு அம்மா இருக்கிறார். என்னிடம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர்.

"ஐயோ சார், நீங்க போயி லைன்ல நிக்கிறீங்களே! உள்ள வாங்க."

"மனுதாரர் வரிசையில்தாம்மா நிக்கணும்."

வாங்கிப் படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார். "சின்னப் புள்ளைங்ககிட்ட மூணு கேள்வி கேக்கறதுக்கா சார்? இதுக்கு எங்ககிட்ட அனுமதியா? பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு குடுத்தா அதுங்களே முப்பது பதில் சொல்லுமே."

"தலைமையாசிரியை ஆர்டர் கேக்கறாங்க."

"சரி, இது எந்த செக்‌ஷனுக்குப் போவும்? கல்வியா, சுற்றுச்சூழலா, குழந்தைங்க நலமா?"

"மூணுக்கும் நகல் போட்டிருக்கேன், பாரும்மா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், மயிலம் தாண்டியபோதுதான், விளங்கியது. ஒரு மனு மூன்று பிரிவுக்கு நகலோடு போனால், ஒவ்வொரு பிரிவும் மற்ற இரண்டும் பதில் சொல்லும் என்று கோப்பைக் கட்டி வைக்கும். என் கீழ் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததும் எனக்கே அது மறந்துவிட்டது.

புரட்டாசி போயிற்று. பேத்தி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். "கேட்டீங்களா தாத்தா?" "அனுமதி வரணும்மா." "அனுமதின்னா?" மகள் அருகிலிருந்து ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லி விளக்கினாள். விளக்கிவிட்டு என்னிடம், "அப்பா, தெருவுல யாராவது ஒரு குழந்தைய நிறுத்திக் கேளுங்களேன்" என்றாள். முறை என்று ஒன்று இருக்கிறது என்றேன். அவள் உடனே மாத்திரைப் பேச்சுக்கு மாறினாள். அவளும் அந்த முறைக்குள் வளர்ந்தவள்தான்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பேத்தி சொன்னாள்:

"தாத்தா, முடிஞ்சிடுச்சு. துருக்கிப் பொண்ணோட பாட்டி ஊர்ல, தண்ணில குப்பை போட்டா பாட்டி கத்துவாங்களாம். போலந்துப் பையன் ஊர்ல ஏரி ஐஸ் ஆயிடுமாம். குப்பை மேலயே நிக்குமாம். யாரு போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க தாத்தா ஊர்லேந்து பதில் வரலன்னு சொன்னேன்."

குற்றம் சாட்டவில்லை. தகவல் சொன்னாள். பதில் வரவில்லை என்ற புகாரை அலுவலக வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அழுதுகொண்டு சொன்னவர்கள் உண்டு, மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு. எதுவும் மேசையைத் தாண்டி என்னிடம் வந்ததில்லை. இது வந்தது.

அடுத்த ஞாயிறு அவள் விளையாடப் போயிருந்தாள். அதற்கடுத்த ஞாயிறு தூங்கிக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஆறு வயதில் கோபம் நிற்காது, அக்கறையும் நிற்காது. மகள் மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்தாள். திரை அணைந்தால் அதில் என் முகம் தெரியும். உடனே கவிழ்த்து வைப்பது வழக்கமாயிற்று.

பிறகு மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்து, ஒரு விடியற்காலையில் ஏரி நிரம்பிக் கோடி போக ஆரம்பித்தது. அதாவது, மிச்சத் தண்ணீர் கரையின் தாழ்ந்த பக்கம் வழிந்து ஓடுவது. அதைப் பார்க்க ஊர் கூடும். வேலை இருப்பவன் இல்லாதவன் எல்லாரும் கரைமேல் வந்து நின்று, தாங்களே நிரப்பிய மாதிரி பார்ப்பார்கள். நானும் குடையோடு போனேன்.

எதிர்வீட்டுப் பெண் தன் மகளோடு நின்றுகொண்டிருந்தாள். மல்லாட்டை மில்லில் கடலை உடைக்கும் வேலை பார்ப்பவள். மகள் முதல் வகுப்பு. கூடவே மாதா கோயில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், அவள் வகுப்புதான் போலும். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "என்னா சார், நீங்களுமா? கோடி போறத வேடிக்க பாக்கவா?" என்றாள்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்த இடம் அது, தாயும் பக்கத்தில். கேட்டுவிட்டேன். காலம் கடந்த விசாரணைக்கு அலுவலகத்தில் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தே கேட்டேன்.

"பாப்பா, உங்க வீட்ல யார் யார் இருக்கீங்க?"

அவள் அம்மாவின் புடவைக்குள் போனாள். "சொல்லுடி, தாத்தா கேக்கறாருல்ல" என்று தாய் இழுத்து விட்டாள்.

"எங்கம்மா, எங்கப்பா, நானு, தம்பிப் பாப்பா, ஆடு, அதோட குட்டி ரெண்டு, டியூப் லைட்டாண்ட ஒரு பல்லி, பாத்ரூம்ல ஒரு தேரை. அரிசி மூட்டயாண்ட எலி இருந்துச்சு, எங்கப்பா அடிச்சிட்டாரு. அதோட பொண்டாட்டி இருக்குது."

பையனால் பொறுக்க முடியவில்லை. "ஏய், எலியெல்லாம் சேக்கக் கூடாது. ரேஷன் கார்டுல இருக்கறவங்கதான் வூட்ல இருக்கறவங்க."

"போடா. ரேஷன் அரிசிய எலியும்தான தின்னுது?"

சட்டப்படி பையன் பக்கம்தான் நியாயம். ஆனால் எலியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"சரி, தண்ணியில குப்பை போட்டா தப்பா?"

"தப்ப்ப்பு!" இருவரும் ஒரே குரலில், கைகட்டி, இழுத்து. வகுப்பில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டேன். இரண்டு பேரும் கையை அவிழ்த்துவிட்டு விழித்தார்கள். "டீச்சர் அடிப்பாங்க" என்றான் பையன், கொஞ்சம் யோசித்து.

"யாருமே பாக்கலன்னா?"

"சாமி பாக்கும்" என்றான் உடனே.

சிறுமிக்கு அந்தக் கேள்வியே பிடிபடவில்லை. "யாருமே பாக்காம எப்பிடி தாத்தா? தவள இருக்குது. கொக்கு இருக்குது. தண்ணிப் பாம்பு தலைய மட்டும் தூக்கிக்கினு பாத்துக்கினே இருக்கும்."

"அதுங்கல்லாம் இல்லன்னா?"

"இல்லாம எங்க போவும்?"

நான் இதை மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தபோது, தாய் கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மகளிடம் நீட்டினாள். "ஏய், பேசிக்கினே நிக்காத. இத கடாசிட்டு ஜல்தி வா, மில்லுக்கு நேரமாவுது." பிறகு என்னிடம், சற்றே கூச்சத்தோடு, "குப்ப வண்டி நாலு நாளா வரல சார். வூட்ல நாத்தம் தாங்கல."

சிறுமி பையை ஒரு சுற்றுச் சுற்றி வீசினாள். கரையோர ஆகாயத்தாமரையைத் தாண்டிச் சரியாக நடுத்தண்ணீரில் விழுந்தது. பழகிய கை.

"பாப்பா, தவள பாக்குமே?"

"பாத்தா பாக்கட்டும். அது யாராண்ட போயி சொல்லும்?"

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். தாயும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பழக்கம் விட்டுப்போனதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பூமிக்குக் காய்ச்சல் வந்ததாக இவளுக்கு யாரும் சொல்லவில்லை. இவளுக்கு ஏரி நோயாளி அல்ல, பக்கத்து வீடு. பக்கத்து வீட்டு வாசலில் நாம் எதையெல்லாம் கொட்டுகிறோமோ அதையெல்லாம் கொட்டுகிறாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்பதும் நன்றாகத் தெரியும். ஜெர்மனியில் இருப்பவளுக்கு மிட்டாய்க் காகிதத்தைக் கைவிட முடியாது. ஆனால் அவள் வீட்டில் மூன்று பேர்தான்.

"ஒங்க வூட்ல யாரு யாரு இருக்காங்க தாத்தா?" என்று கேட்டாள் சிறுமி.

"நான் மட்டுந்தான்."

"பொய்யி."

"ஏய், பெரியவங்கள போயி..." என்று தாய் கை ஓங்கினாள்.

"இல்லம்மா, அவரு வூட்டு மோட்டார் ரூம்ல பூனை குட்டி போட்டுக்கீது. நானு செவுத்து மேல ஏறிப் பாத்தேன்."

வீட்டுக்கு வந்து மோட்டார் ரூமைப் பார்த்தேன். மழையில் மோட்டார் போட வேண்டிய தேவை இல்லாததால் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பழைய சாக்கின் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை, அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள். தாய்ப்பூனை என்னைப் பார்த்த பார்வையில், இந்த வீட்டில் யார் அனுமதியின்றிக் குடியிருக்கிறார்கள் என்பது குறித்து அதற்கு ஒரு முடிவான கருத்து இருந்தது தெரிந்தது.

அன்று இரண்டாவது முறையாக அந்தக் கேள்விகளை எழுதினேன். இந்த முறை குழந்தைகள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். எலியின் பொண்டாட்டி, ரேஷன் கார்டு, தண்ணிப் பாம்பு, குப்பைப் பை விழுந்த இடம் எதையும் விடவில்லை. கடைசியில், "உன் வகுப்பில் இதைச் சொல்லக் காலம் கடந்துவிட்டது, தெரியும். தாத்தா வீட்டில் நான்கு பேர் அதிகமாக இருக்கிறார்கள் என்பது மட்டும் உன் தகவலுக்கு" என்று முடித்து, பேத்தி பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் நிலையத்தில் இருந்த பெண், "பெறுநர் யாருங்க சார்?" என்றாள். "பேத்தி. முதல் வகுப்பு." "வாட்ஸாப்ல போட்டா இப்பவே போயிடுமே சார்." "ஒப்புகை வராதே" என்றேன்.

கார்த்திகை முழுக்க அந்தக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் ஒரு முறை, குளித்துவிட்டு ஒரு முறை, சாப்பிட்டுவிட்டு ஒரு முறை. கண் திறந்தன. ஒன்று என் செருப்பைக் கடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் மட்டும் பேசினாள். கடிதம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. நினைவூட்டு அனுப்புவதில் எனக்கு நிகர் எங்கள் அலுவலகத்தில் யாரும் இருந்ததில்லை. இதற்கு அனுப்ப மனம் வரவில்லை. குழந்தை பதில் போடக் கடமைப்பட்டவள் அல்ல. விழுப்புரத்திலிருந்து வர வேண்டிய பதில் இதை எழுதும்வரை வரவில்லை. அதற்கும் நினைவூட்டு அனுப்பவில்லை, வேறு காரணத்தால்.

மார்கழி பிறந்த முதல் வாரத்தில் ஒரு காலை, மோட்டார் ரூம் காலியாக இருந்தது. சாக்கில் நான்கு பேர் படுத்த பள்ளம் மட்டும் இருந்தது. சுற்றுச்சுவரை இரண்டு முறை வலம் வந்தேன். தெருவில் சிறுமி ஆட்டுக்குட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, பூனைங்க எங்க போச்சுன்னு பாத்தியா?"

"மாத்திக்கினு போயிருக்கும் தாத்தா. நீங்கதான் எப்ப பாத்தாலும் எட்டி எட்டிப் பாத்துக்கினே இருந்தீங்களே. அதுக்குப் புடிக்காது."

இதை இவள் எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. அப்படியானால் என் வீடும் யாரும் பார்க்காத இடம் இல்லை.

அதற்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் தபால் வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் பஸ் நிலையப் பக்கம் சைக்கிள் நகரவில்லை என்று தபால்காரர் மத்தியானத்துக்கு மேல் வந்தார். "பாரின் தபாலு சார்" என்று கையில் கொடுத்தார். உள்ளே ஒரு படம். ஒரு ஏரி, அதில் தலை மட்டும் தூக்கிய ஒரு பாம்பு, அதற்குக் கண்ணாடி போட்டிருந்தது. பின்பக்கம் பெரிய பெரிய எழுத்தில், கோணல் தமிழில், இவ்வளவு எழுதியிருந்தாள்:

"தாத்தா எங்க வீட்ல நாலு பேர். ஜன்னல்ல ஒரு சிலந்தி இருக்கு. அம்மா துடைக்க வந்தாங்க நான் விடல. பூனைக்குட்டி நல்லா இருக்கா. நான் லீவுக்கு வருவேன். அது வரைக்கும் போகாம இருக்கச் சொல்லுங்க."

படித்தேன். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். போனவரைத் திரும்பி வரச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் சாக்கை உதறி மறுபடி விரித்தேன். ஒரு தட்டில் பால் ஊற்றி வைத்தேன். மோட்டார் ரூம் கதவை ஒரு பூனை நுழையும் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தேன். அன்று மார்கழி அமாவாசை; எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.